தளவாடப் பதிவேடு, வரிசை எண் ஏழு

கோத்தகிரி முன்சீப் கோர்ட்டில் நான் அமீனா.
உத்தரவை எடுத்துப் போகிற ஆள்; போடுகிற ஆள் இல்லை.

எங்கள் பெஞ்சு மேசைக்கு முன்பு வேறொரு பிழைப்பு இருந்தது.
பதிவேட்டில், மங்கின நீல மசியில்:
"தாலுகா ஆபீஸிலிருந்து வரப்பெற்றது. தேக்கு. ஒரு கால் ஆட்டம்."
அதன் பின்னால் உட்கார்ந்தவர்
காலையில் தாசில்தார், மதியத்துக்கு மேல் மாஜிஸ்ட்ரேட்.
பிடித்துக்கொண்டு வரச் சொன்னவரே
பிடிபட்டவனிடம் கேட்பார், "நீ என்ன சொல்கிறாய்?"
நடுவில் மாறியது கோட்டு மட்டும்.
பிறகொரு நாள் நாலு பேர் அதைத் தூக்கி
சாலையைத் தாண்டி, மேட்டில் ஏற்றி, இங்கே இறக்கினார்கள்.
அரசியல் சாசனத்தில் அதற்கென்று ஒரு வரி உண்டாம்.
எனக்குத் தெரிந்தது தூக்குக்கூலி:
ஆளுக்கு எட்டணா. வவுச்சர் இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு வியாழன்,
மூன்று நாற்பதுக்கு, அதே மேசையில்
தங்கேஸ்வரி வீட்டுக்கு இடைக்காலத் தடை கையெழுத்தானது.
ஓடைப் புறம்போக்கு என்றார் தாசில்தார்.
கப்பலில் வந்து இறங்கிய அப்பாவுக்கு
அரசாங்கமே கொடுத்த பட்டா என்றாள் அவள்.

கோர்ட்டுக்கு ஜீப் கிடையாது.
தாலுகா ஆபீஸுக்கு ஜீப் உண்டு, ஜேசிபி உண்டு,
போன் அடித்தால் போலீஸ் உண்டு.
எனக்கு ஒரு தோல்பை, ஒரு குடை,
அரவேணு போகிற நாலு மணி மினி பஸ்.
பீட்ரூட் மூட்டைகளுக்கு நடுவே
பையை நெஞ்சோடு அணைத்து நின்றேன்.
உள்ளே ஒன்றரைப் பக்கம்.
புறம்போக்குச் சட்டத்துக்குக் கை தூக்கிய சபை
ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சமவெளியில், வெயிலில்.

போய்ச் சேர்ந்தபோது ஒரு சுவர் இல்லை.
அடுப்படி தெரிந்தது. மளிகைக்கடைக் காலண்டர்
ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.
ஜேசிபியின் தூக்கிய கையை
மஞ்சு முழங்கை வரை தின்றிருந்தது.
"நிறுத்து" என்றேன்.
ஓட்டுகிற பையன் மேட்டுப்பாளையத்துக்காரன்.
என்னைப் பார்த்தான், தாசில்தாரைப் பார்த்தான்.
"யார் சொல்றத சார் கேக்கணும்?"
நல்ல கேள்வி.
அதற்குத்தான் இத்தனை கட்டடங்கள்.

தாசில்தார் பெள்ளிராஜ் கெட்டவர் இல்லை.
இதை நான் எழுதியே ஆகவேண்டும்.
முந்தின மழைக்கு இதே ஓடை இறங்கி வந்தபோது
இரண்டு குழந்தைகளை அவர் கையால் தோண்டி எடுத்தார்.
"மழைக்கு ஒரு வாய்தா போடச் சொல்லுங்க உங்க ஐயாவ" என்றார்.
எனக்குப் பதில் வரவில்லை.
என்னிடம் பதில் இருக்கக் கூடாது என்பதுதான் என் உத்தியோகம்.
நீட்டினேன். நனையாமலிருக்க அவரே குடை பிடித்தார்.
வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

கிழித்திருக்கலாம்.
ஆறு போலீஸ், ஒரு இயந்திரம், அவர்.
இந்தப் பக்கம் நான், ஒரு ரப்பர் முத்திரை.
கொஞ்சம் திரும்பி நில்லுங்கள் என்றார்.
என் முதுகையே மேசையாக்கி எழுதினார்:
"பெற்றுக்கொண்டேன். 4.52."
பேனா முனை சட்டையைத் தாண்டிக் குத்தியது.
ஜேசிபி கையை மடித்துக்கொண்டது.

அன்றிரவு கொட்டியது.
தங்கேஸ்வரியையும் பிள்ளைகளையும் ஜீப்பில் ஏற்றி
சமுதாயக்கூடத்தில் விட்டதும் அவர்தான்.
அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் தடுக்கவுமில்லை.
நான் விடியும்வரை தகரக் கூரைச் சத்தத்துக்குள்
வேறொரு சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
சரிவு நின்றது.
நின்றதால் நாங்கள் செய்தது சரி என்று யாராவது சொன்னால்
எனக்குக் கோபம் வருகிறது.

வழக்கு ஆறாவது வாய்தாவில் இருக்கிறது.
விழுந்த சுவருக்குப் பதில் நீலத் தார்ப்பாய்.
மேசையின் ஆடுகிற காலுக்கு
வருஷா வருஷம் காகிதம் மடித்து வைக்கிறோம்.
இந்த முறை கைக்குக் கிடைத்தது
தாலுகா ஆபீஸ் அனுப்பிய பழைய உறை.
கனமான உறை, நல்ல காகிதம்.
இப்போதைக்கு ஆடவில்லை.